ரெண்டு பத்து நல்ல டைமுங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் டீக்கடையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். "பி.பி. எவ்வளவுங்ணா?" "ரெண்டு பத்துங்க." பக்கத்தில் சர்க்கரை போடாத டீயோடு நிற்கும் நடைப்பயிற்சிக்காரர் குழம்பித் திரும்பிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த பி.பி. ரத்த அழுத்தம், நூற்று நாற்பது, தொண்ணூறு என்று போகும் கணக்கு. ஓடுகிறவர்களின் பி.பி. ‘பர்சனல் பெஸ்ட்’, அந்தத் தூரத்தைத் தான் ஓடியதிலேயே குறைந்த நேரம். ஆங்கிலத்தில் எழுத்துகள் இடம் மாறி நின்றாலும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதல் பி.பி.க்குப் பயந்து ஓட ஆரம்பித்து இரண்டாவது பி.பி.யிடம் மாட்டிக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம். நானும் அதில் ஒருவன்.

அந்த ‘ரெண்டு பத்து’ அரை மாரத்தானுக்கான நேரம்: 21.0975 கிலோமீட்டரை இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்திருக்கிறார். அடுத்து அவர் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்: "நல்ல டைமுங்களா அது?"

இதே கேள்வியைக் கோவையில் ஒரு மோட்டார் பம்பு கடையில் வேறு வடிவில் கேட்டுப் பாருங்கள். "இந்த பம்பு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?" கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். திருப்பிக் கேட்பார்: "போர் எத்தனை அடிங்க?" நூறு அடியிலிருந்து தண்ணீரைக் கொட்டும் பம்பு, ஐந்நூறு அடியில் நூலாக விடும். அதனால்தான் பம்பின் தகட்டில் லிட்டர் கணக்கோடு ‘ஹெட்’ என்று மீட்டரில் உயரத்தையும் பொறிக்கிறார்கள். ஹெட் சொல்லாமல் லிட்டர் மட்டும் சொல்கிறவனை அவிநாசியிலோ பல்லடத்திலோ எந்த விவசாயியும் நம்ப மாட்டார். ஓட்டத்துக்கு வந்தால் மட்டும் நாம் தினமும் ஹெட் சொல்லாமல் லிட்டர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உலகத்தின் உச்சியில் வைத்துப் பார்ப்பது எளிது, பயன்தான் இல்லை. 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் முழு மாரத்தானை 2 மணி 35 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. 42 கிலோமீட்டரும் மொபெட் வேகம். இந்தியாவின் அவினாஷ் சாப்ளே 2020 நவம்பரில் தில்லியில் அரை மாரத்தானை 1 மணி 30 விநாடியில் முடித்தார். அவர் கோட்டைத் தாண்டிய நேரத்தில் நம் ரெண்டு பத்துக்காரர் பத்தாவது கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருப்பார். இது வியக்க உதவும், ஒப்பிட உதவாது. 1954-இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், மனிதர்கள் தங்களை எடைபோட அளவுகோல் இல்லாதபோது மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள், அதுவும் தங்களைப் போன்றவர்களோடுதான் என்று எழுதினார். டீக்கடையில் கிப்டமை நினைத்து யாரும் பொறாமைப்படுவதில்லை. அடுத்த தெருக்காரர் 1:58 ஓடினார் என்றால்தான் அன்றைக்குத் தூக்கம் போகும்.

அப்படியானால் சராசரியோடு ஒப்பிடலாமா? 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 1986 முதல் 2018 வரை உலகெங்கும் நடந்த 70,000-க்கும் மேற்பட்ட ஓட்டப் போட்டிகளின் 10 கோடியே 79 லட்சம் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 1986-இல் மாரத்தானின் சராசரி நேரம் 3:52:35. 2018-இல் 4:32:49. முப்பத்திரண்டு ஆண்டுகளில் உலகம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறது. இதே காலத்தில் காலணி மாறியது, சத்துக் குழம்புப் பொட்டலங்கள் வந்தன, கையில் செயற்கைக்கோள் கடிகாரம் ஏறியது. பிறகு ஏன் இந்தச் சரிவு?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு குழுவில் பத்துப் பேர். எல்லோரும் அரை மாரத்தானை இரண்டு மணிக்கு முடிப்பவர்கள். அடுத்த ஆண்டு பத்துப் பேரும் ஐந்து நிமிடம் முன்னேறி 1:55-க்கு வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், அலுவலகத் தோழி என்று இன்னும் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்து 2:45-இல் முடிக்கிறார்கள். குழுவின் சராசரி இப்போது 2:20. பழையவர் ஒருவர்கூட மெதுவாகவில்லை. குழு மட்டும் இருபது நிமிடம் ‘மோசமாகி’விட்டது. உலகச் சராசரியின் சரிவு முழுவதற்கும் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பெரும் பங்கு இதற்கு உண்டு. 1986-இல் மாரத்தான் ஓடியவர்களில் பெரும்பாலோர் போட்டிக்கு ஓடிய ஆண்கள். இன்று நிற்பது நீரிழிவைத் தள்ளிப்போட வந்தவர், ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்பவர், ஒரு நோக்கத்துக்கு நிதி திரட்ட வந்தவர்.

கோவை மாரத்தானின் பிறப்பே அந்த வகை. 2013-இல் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காகத் தொடங்கியது. உள்ளூர் ஓட்டக் குழுவான கோயம்புத்தூர் ரன்னர்ஸ் உடன் நின்றது. மாரத்தான் என்று பெயர் இருந்தாலும் அதன் முதன்மைத் தூரம் அரை மாரத்தான்தான். கூடவே 10 கி.மீ., 5 கி.மீ. என்று சிறிய தூரங்கள். இப்படி ஒரு திருவிழாவில் ‘சராசரிக்கு மேலே ஓடினேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு வேகம் என்பது அதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பது.

அடுத்த ஹெட், வெயில். இதை நம்மூர்க்காரர்கள் சரியாக மதிப்பதில்லை என்பது என் குறை. பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களின் 2001 முதல் 2010 வரையிலான முடிவுகளை, ஏறத்தாழ 18 லட்சம் பேரின் நேரங்களை, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-இல் வானிலையோடு பொருத்திப் பார்த்தார்கள். நேரத்தை அதிகம் அசைப்பது காற்றின் வெப்பநிலை. மாரத்தானுக்கு உகந்தது, ஓடுபவரின் தரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 4 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நடுவே. கோவையில் மார்கழி விடியலில் பத்தொன்பது, இருபது டிகிரிக்கே மஃப்ளர் சுற்றிக்கொள்கிறோம். ‘என்னா குளிரு’ என்று நாம் நடுங்கும் அந்தக் காலை, ஓடும் உடம்புக்கு வெப்பமான காலை. வெளிநாட்டு அட்டவணையில் தன் நேரத்தைத் தேடுகிறவர் முதலில் தள்ளுபடி செய்ய வேண்டியது இந்தப் பத்துப் பதினைந்து டிகிரியை.

அதற்கும் ஒரு படி மேலே போகும் செய்தி இருக்கிறது. 2007-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வெப்பம் கூடக்கூட எல்லோருடைய நேரமும் நீள்கிறது, மெதுவாக ஓடுபவர்களுடைய நேரம் அதிகமாக நீள்கிறது என்று காட்டியது. நம்மூரில் இது இரட்டை அடி. ஓட்டம் ஐந்து மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பவர் ஆறரைக்கு, டிசம்பர் சூரியன் எட்டிப்பார்க்கும்போது, மெடலை மாட்டிக்கொண்டு உப்புமா வரிசையில் நின்றுவிடுவார். மூன்று மணி நேரக்காரர் எட்டு மணி வரை சாலையில் இருக்கிறார். கடைசி ஆறேழு கிலோமீட்டர் அவருக்கு முழு வெயில். தார் சூடாகத் தொடங்கிவிடும், தண்ணீர் மேசைகள் சில காலியாகியிருக்கும், பேருந்துகள் வந்துவிடும். முடிவுப் பட்டியலில் இருவரும் ஒரே போட்டியில் ஓடியவர்கள். ஓடிய வானிலை ஒன்றல்ல.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. பாலக்காட்டுச் சாலையில் மதுக்கரை நோக்கி ஓடுகிறவரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளவும் செய்கிறது. ‘போகையில எதிர்க்காத்து, வரையில பின்காத்து, கணக்கு சரியாப் போச்சு’ என்பார்கள். சரியாகப் போகாது. எதிர்க்காற்று பிடுங்குவதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கொங்கு நாட்டில் கடன் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புரியும்.

தூரமும் அப்படித்தான். ‘வாட்சுல 21.4 காட்டுது, ரூட்டு அதிகமுங்க’ என்ற புகார் எல்லாப் போட்டியிலும் எழும். சான்று பெற்ற ஓட்டப்பாதையை ஒரு மிதிவண்டியின் முன் சக்கரத்தில் பொருத்திய எண்ணியால், வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். அரை மாரத்தானில் அது 21 மீட்டர். மீதியெல்லாம் நாம் தண்ணீர் மேசைக்கும் தெரிந்தவருக்குக் கைகாட்டவும் ஒதுங்கி ஓடியது, கூடவே கடிகாரத்தின் பிழை. அந்த எண்ணியின் பெயர் ஜோன்ஸ் எண்ணி. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கி, மகன் கிளைனின் கையால் செய்து விற்றது. இந்த ஆலன் ஜோன்ஸ் மறுபடியும் வருவார்.

வந்துவிட்டார். வயதும் பாலும் வேறான இருவரை எப்படி ஒப்பிடுவது என்பதற்கு மூத்தோர் தடகள அமைப்புகள் 1989-இல் ஓர் அட்டவணை வெளியிட்டன. ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, அந்த வயதில் மனிதரால் எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரம் என்று ஒன்றைக் குறித்துக்கொள்வார்கள். அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் ஒரு விழுக்காடு வரும். 60-க்கு மேல் உள்ளூர்த் தரம், 70-க்கு மேல் வட்டாரத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம். பின்னாளில் சாலை ஓட்டங்களுக்கான இந்த அட்டவணைகளைத் திருத்தித் திருத்திப் புதுப்பித்தவர்களில் முதன்மையானவர் அதே ஆலன் ஜோன்ஸ். முதலில் தூரத்தை அளக்கும் கருவி, பிறகு வயதை அளக்கும் அட்டவணை. லேத் பட்டறையில் பிறந்து வளர்ந்த ஊருக்கு இவரைப் பிடிக்காமல் போகாது.

கணக்கிட்டுப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும். அறுபது வயது ஆண் ஒருவர் அரை மாரத்தானை இரண்டு மணிக்கு முடித்தால், அட்டவணைப்படி அது முப்பது வயதுக்காரர் ஏறத்தாழ 1:37-இல் முடிப்பதற்குச் சமம். மில்லில் இருந்து ஓய்வுபெற்ற அப்பாவை 1:50-இல் முந்திவிட்டு வந்து காத்திருக்கும் ஐ.டி. மகன், உண்மையில் அப்பாவிடம் தோற்றவன். கனடாவின் எட் விட்லாக் 2004-இல் தன் 73-ஆம் வயதில் மாரத்தானை 2:54:48-இல் ஓடினார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபவுஜா சிங், 92 வயது என்று பதிவான 2003-இல் டொராண்டோவில் 5:40:04 ஓடினார். வெறும் நேரத்தைப் பார்த்தால் சிங்கின் ஓட்டம் பட்டியலின் அடிப்பக்கம்.

ரேஸ் கோர்ஸ் என்ற பெயரிலேயே இதற்கு ஒரு முன்கதை ஒளிந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைகள் ஓடிய இடம் அது. இப்போது சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதைச் சுற்று. குதிரைப் பந்தயத்தில் ‘ஹேண்டிகேப்’ என்றொரு வழக்கம் உண்டு: வலுவான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றி ஆட்டத்தைச் சமன் செய்வார்கள். குதிரைக்குக் காட்டிய அந்த நியாயத்தை அதே மண்ணில் ஓடும் மனிதர்கள் தங்களுக்குக் காட்டிக்கொள்வதில்லை.

ஆனால் வயது அட்டவணைக்கும் ஓட்டை உண்டு. அது உடம்பின் வயதைத் தெரிந்துவைத்திருக்கிறது, ஓட்டத்தின் வயதைத் தெரிந்துவைத்திருக்கவில்லை. பள்ளியிலேயே தடகளத்தில் இருந்த ஐம்பது வயதுக்காரரும், நாற்பத்தெட்டில் டாக்டர் மிரட்டிய பிறகு முதல் முறையாக ஷூ வாங்கிய ஐம்பது வயதுக்காரரும் அதற்கு ஒன்றே. கொங்குப் பக்கம் இரண்டாவது வகைதான் நான் அதிகம் பார்ப்பது. பெண்களுக்கு இது இன்னும் கூடுதல். பள்ளியோடு விளையாட்டு நின்று, பிள்ளைகள் பெரிதான பிறகு திரும்ப ஆரம்பிப்பவர்கள். விடிகாலை நாலரைக்கு இருட்டில் தனியாக ஓட முடியாது, துணை தேட வேண்டும். ஓடி வந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். இந்த ஹெட்டை மீட்டரில் பொறிக்க எந்த அட்டவணையிலும் இடமில்லை.

முழு மாரத்தானுக்குப் போகிறவர்களை ஏமாற்றும் இன்னொரு கணக்கு உண்டு. கோவையில் அரை ஓடிப் பழகி, ஃபுல்லுக்கு மும்பைக்கோ சென்னைக்கோ பதிவுசெய்கிறவர் முதலில் தேடுவது ‘ஹாஃப் ரெண்டு மணின்னா ஃபுல் எவ்வளவு வரும்?’ என்ற பதிலை. அதைத் தருவது பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் எழுதிய சூத்திரம்: தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதைவிடச் சற்றே கூடுதலாகும். அதன்படி இரண்டு மணிக்காரருக்கு முழு மாரத்தான் 4:10. (ரீகலும் ஓட்டப்பாதை அளவீட்டில் ஊறியவர். நேரத்தை ஒப்பிடும் கலையே அளவுநாடாக்காரர்கள் பெற்ற பிள்ளை என்று தோன்றுகிறது.) ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் இருவரும் 2,303 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் தரவுகளைக் கொண்டு 2016-இல் இதைச் சோதித்தார்கள். அரை மாரத்தான் வரை சூத்திரம் நன்றாகவே பொருந்தியது. முழு மாரத்தானில் சறுக்கியது: பாதிப் பேருக்கு அது சொன்ன நேரம், அவர்கள் உண்மையில் ஓடியதைவிடப் பத்து நிமிடமாவது குறைவு.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடுபவருக்கும், மூன்று நாள் ரேஸ் கோர்ஸில் நாலு சுற்றும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டமும் ஓடுபவருக்கும் இருபத்தோராம் கிலோமீட்டர் வரை ஒரே முகம்தான். முப்பதைத் தாண்டினால் தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்து, கால் கல்லாகும். சூத்திரத்தை நம்பி 4:10-க்கு ஏற்ற வேகத்தில் தொடங்கியவர் கடைசிப் பத்துக் கிலோமீட்டரை நடந்தே கடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

இத்தனை இருந்தும் எண்ணுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ‘சப் டூ’ என்ற சொல்லைக் கேளுங்கள். இரண்டு மணிக்குள் முடிப்பது. கோவைக் குழுக்களில் அது ஒரு பட்டம் மாதிரி. 1:59:50 சப் டூ, 2:00:10 இல்லை. இருபது விநாடியில் உடம்பில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆலன், டெச்சோ, போப், வூ என்ற நான்கு ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் நேரங்களை ஆராய்ந்து 2017-இல் எழுதினார்கள்: மூன்று மணி, மூன்றரை, நான்கு என்ற வட்ட எண்களுக்குச் சற்று முன்பு ஆட்கள் குவிகிறார்கள், சற்றுப் பின்பு பள்ளம் விழுகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில், கால் ஒத்துழைக்காதபோதும், எண் இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே ஒப்பீடு இன்னொரு மனிதரோடுகூட இல்லை. கடிகாரத்தில் இருக்கும் சுழியத்தோடு. மணிக்கு அறுபது நிமிடம் வரக் காரணமான, அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்களோடு சப் டூக்காரர் போட்டியிடுகிறார் என்றும் சொல்லலாம்.

யார் யாரை இழுக்கிறார்கள் என்பதிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிகோலைடிஸ் இருவரும் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டு ஓட்டப் பதிவுகளைக் கொண்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நண்பர் ஓடினால் நாமும் கூடுதலாக ஓடுகிறோம் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது: குறைவாக ஓடுபவர்தான் அதிகம் ஓடுபவரை உந்துகிறார், மறுதிசையில் அந்த விசை இல்லை. தனக்குக் கீழே இருப்பவர் நெருங்கி வருகிறாரே என்ற பயம் மேலே இருப்பவரை ஓடவைக்கிறது. ஆண்கள் ஆண்களாலும் பெண்களாலும் உந்தப்பட்டார்கள். பெண்கள் பெண்களால் மட்டும். ஆக, 2:45-இல் முடிக்கும் புதியவர்தான் 1:55-காரரின் கண்ணுக்குத் தெரியாத பயிற்சியாளர். குழுவின் சராசரியைக் கெடுப்பவரும் அவரேதான்.

உச்சத்திலும் அடிவாரத்திலும் கதை ஒரே திசையில் போகவில்லை. 1978-இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஓடிய 2:12:00 என்ற இந்திய மாரத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை. அதே நாற்பது ஆண்டுகளில்தான் 2004-இல் மும்பை மாரத்தான் வந்தது, ஊருக்கு ஊர் மாரத்தான் வந்தது, கோவைக்கும் வந்தது. அடித்தளம் அகன்றால் கோபுரம் தானாக உயரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரேஸ் கோர்ஸ் ஓட்டக்காரர் சாதனையாளரின் இளைய பதிப்பு அல்ல. வேறு காரணத்துக்காக, வேறு வயதில், வேறு வேலையின் நடுவே வந்த வேறு ஆள்.

அந்த ரெண்டு பத்துக்காரருக்கு என்ன பதில் சொல்வது? கடைக்காரர் கேட்கிற மாதிரி நான் திருப்பிக் கேட்பேன். வயசு என்னங்க? எத்தனை வருசமா ஓடறீங்க? எந்த மாசம், எத்தனை மணிக்கு ஆரம்பம்? மேம்பாலம் இருந்துச்சா? துப்பாக்கி சுட்ட நேரத்திலிருந்து கணக்கா, நீங்க கோட்டைத் தாண்டின நேரத்திலிருந்து கணக்கா? பெரிய போட்டிகளில் பின்வரிசையில் நின்றவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் போய்விடும். இவ்வளவுக்கும் பதில் வந்த பிறகு சொல்வதற்கு ஏதாவது இருக்கும். அதற்குள் டீ ஆறிவிடும் என்பது வேறு.

கடைசியாகப் பட்டியல்களைப் பற்றி ஒரு குறிப்பு. எந்த முடிவுப் பட்டியலுக்கும் ஒரு வாசல் உண்டு: கட்-ஆஃப். அரை மாரத்தானுக்கு மூன்று மணி, மூன்றரை மணி என்று வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நேரப் பாயைச் சுருட்டி, வளைவைக் கழற்றி, தடுப்புகளை ஏற்றிச் சாலையைத் திறந்துவிடுவார்கள். உலகச் சராசரி, உள்ளூர்ச் சராசரி, குவியல், பள்ளம் எல்லாமே அந்த நேரம்வரை வந்தவர்களின் கணக்கு. போன டிசம்பரில் மெடலோடு பைக்கில் வீடு திரும்பும்போது, எதிர்ப்பக்கம் ஓரமாக ஓர் அம்மா சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவோடு, எண் அட்டை இன்னும் நெஞ்சில் குத்தியிருக்க, நகரப் பேருந்துக்கு வழிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். அந்தக் காலையில் அதிக நேரம் வெயிலில் ஓடியவர் அவராகத்தான் இருக்கும். மாலையில் முடிவுகளைத் திறந்து என் இடத்தைப் பார்த்தேன். பிறகு கடைசிப் பக்கம் வரை தள்ளிப்போய்ப் பார்த்தேன். பட்டியல் 3:29-இல் முடிந்திருந்தது.